பகலில் மட்டும் ஓர் ஆஸ்பத்திரி

அல்வாலில் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அது சீக்கிரமே படுக்கைக் கணக்காக மாறிவிடும். 2022 ஏப்ரல் 26-ஆம் தேதி அப்போதைய முதல்வர் சந்திரசேகர ராவ் இங்கே டிம்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார். சனத்நகர், எல்.பி.நகர், அல்வால் என்று ஒரே நாளில் மூன்று இடங்களில் பூஜை. ஒவ்வொன்றிலும் ஆயிரம் படுக்கை என்று அறிவிப்பு. அதிலிருந்து லோத்குண்டா டீக்கடை முதல் எங்கள் அபார்ட்மென்ட் மீட்டிங் வரை 'தவுசண்ட் பெட்' என்பது ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். அவசரத்துக்குக் காந்தி ஆஸ்பத்திரி வரை ஓட வேண்டாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் இந்தப் பேச்சில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு, பல சமயங்களில், தேவைப்படுவது படுக்கை இல்லை. காலையில் வீட்டுக்கு வண்டி அனுப்பிக் கூட்டிக்கொண்டு போய், பகல் முழுக்க வைத்தியமும் பயிற்சியும் கொடுத்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஓர் இடம் வேண்டும். இங்கிலாந்தில் இதை டே ஹாஸ்பிடல் என்பார்கள். பகல் ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் இது அபூர்வம். அபூர்வமாக இருப்பது கூடப் பெரிய விஷயமில்லை, இப்படி ஒன்று வேண்டும் என்று நாம் கேட்கக்கூட ஆரம்பிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எது பகல் ஆஸ்பத்திரி, எது இல்லை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் 'டே கேர்' என்ற சொல் இரண்டு அர்த்தத்தில் ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்காரர்களும் இன்சூரன்ஸ்காரர்களும் சொல்கிற டே கேர் என்பது கண்புரை ஆபரேஷன், கீமோ, டயாலிசிஸ் மாதிரியான விஷயங்கள். காலையில் போய் ஒரு வேலையை முடித்துக்கொண்டு மாலையில் வந்துவிடலாம். இன்னொரு டே கேர், பெரியவர்கள் பகலில் கூடுகிற இடம். பஜனை, கேரம்போர்டு, பேப்பர், மதியச் சாப்பாடு. இரண்டும் நல்லவை. இரண்டும் நான் சொல்வது இல்லை.

நான் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எழுபத்தைந்து வயதில் விழுந்து எலும்பு முறிந்தவர், பக்கவாதம் வந்து பாதி தேறியவர், பார்க்கின்சன் நோயில் நடை தடுமாறுகிறவர், காரணமே தெரியாமல் மாதம் இரண்டு முறை விழுகிறவர், இவர்களெல்லாம் வாரத்தில் இரண்டு நாள் வருவார்கள். முதல் நாள் முதியோர் மருத்துவம் படித்த டாக்டர் சாவகாசமாகப் பார்ப்பார். நர்ஸ் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை பி.பி. எடுப்பார். பிசியோதெரபிஸ்ட் நடையைப் பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று ஒருவர் இருப்பார். சட்டை பட்டன் போட முடிகிறதா, கமோடிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா, அடுப்படியில் நின்று ஒரு டம்ளர் காபி கலக்க முடிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தேவைப்பட்டால் பேச்சுப் பயிற்சி, சாப்பாட்டு ஆலோசனை, வீட்டு நிலவரத்தை விசாரிக்கிற சமூகப் பணியாளர்.

பிறகு இவர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே ஃபைலை வைத்துப் பேசுவார்கள். 'இவர் ஆறு வாரத்தில் தானே பாத்ரூம் போய்வர வேண்டும்' என்று ஒரு இலக்கு வைப்பார்கள். இலக்கு முடிந்தால் அனுப்பிவிடுவார்கள். பொதுவாக இரண்டு மூன்று மாதக் கணக்கு. ஆயுசுக்கும் வந்துகொண்டே இருக்கிற இடம் இல்லை.

படுக்கை மருந்து இல்லை

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. 1935-ல் லண்டனுக்கு மேற்கே வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரிடம் பக்கத்து ஏழைகள் விடுதியின் நோயாளிகளை ஒப்படைத்தார்கள். எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், பல வருஷமாகப் படுத்த படுக்கை. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்து, கட்டிலை விட்டு எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்து, பலரை வீட்டுக்கே அனுப்பினார். முதியோர் மருத்துவம் என்ற துறையே அங்கிருந்துதான் ஆரம்பித்தது என்பார்கள். 1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற டாக்டர், படுக்கையில் கிடப்பதால் வரும் ஆபத்துகளைப் பற்றியே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். 1958-ல் ஆக்ஸ்ஃபர்டின் கௌலி ரோடு ஆஸ்பத்திரியில் லயனல் காசின் முதியோருக்கென்றே ஒரு பகல் ஆஸ்பத்திரியைத் தனிக் கட்டடத்தில் திறந்தார். பிறகு அது பிரிட்டன் முழுக்கப் பரவியது.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு 2007-ல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஆராய்ச்சியைச் சொல்லலாம். சராசரி 67 வயதில் ஆரோக்கியமாக இருந்த 12 பேரை, எந்த நோயும் இல்லாமலே, பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது. நல்ல உடம்புக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலோ ஆபரேஷனோ முடிந்து படுத்திருக்கிற எண்பது வயதுக்காரருக்கு என்ன ஆகும்? 'நல்லா ரெஸ்ட் எடுங்க' என்று பிரியமாகச் சொல்கிறோமே, அந்த ரெஸ்ட்தான் பலரை நிரந்தரமாகக் கட்டிலோடு கட்டிப்போடுகிறது.

நம் ஆட்கள் இதில் பின்தங்கியவர்கள் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்குத் தனி ஓ.பி. ஆரம்பித்தார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பே வந்துவிட்டது, இந்தியாவில் முதல் முறையாக. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் அங்கேயும் பத்திரிகைத் தலைப்பில் வருவது படுக்கை எண்ணிக்கைதான், கவனியுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா காலமான பிறகு கும்பகோணம் பக்கத்திலிருந்து எங்களோடு அல்வாலுக்கு வந்தவள். 2022 ஆகஸ்டில் பால்கனிப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நகரத்தின் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதில் எந்தக் குறையும் இல்லை, சர்ஜன் கெட்டிக்காரர். நாலாம் நாள் வாக்கர் பிடித்து நிற்கவைத்தார்கள், ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். கையில் ஒரு மருந்துச் சீட்டு, மூன்று வாரம் கழித்து வரச்சொல்லி ஒரு தேதி. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் நிஜமான வைத்தியமே ஆரம்பிக்க வேண்டும். அது யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பையன் நல்ல பையன், வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். அவன் இருக்கும்போது நாலு அடி நடப்பாள். மீதி நேரம் படுக்கை. எழுந்தால் தலை சுற்றுகிறது என்பாள். எலும்பு டாக்டரிடம் சொன்னால் இருதய டாக்டரைப் பாருங்கள் என்றார். இருதய டாக்டர் ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்றார். மூன்று டாக்டர்கள் எழுதிய மாத்திரைகள் மொத்தம் பதினொன்று. அந்தப் பதினொன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை. கடைசியில் எங்கள் தெருவிலேயே இருக்கிற, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் அம்மாவை நிற்கவைத்து பி.பி. எடுத்தார். எழுந்து நின்றதும் பி.பி. தடாலென்று விழுகிறது. பி.பி. மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்ந்து செய்கிற வேலை என்றார். இரண்டு மாத்திரைகளைக் குறைத்தார். ஒரு வாரத்தில் தலைசுற்றல் போய்விட்டது. அதற்குள் ஏழு வாரம் ஓடிவிட்டது. ஒரு நல்ல பகல் ஆஸ்பத்திரியில் இது முதல் நாள் காலையிலேயே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு மறுநாள், நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு இளம் டாக்டர் ஹிந்தியில் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டிருக்கிறார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா யோசிக்காமல் 'ஆவணி பத்து, வெள்ளிக்கிழமை' என்றாள். அன்றைக்கு ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை. நூற்றுக்கு நூறு சரியான பதில்! ஆனால் ஃபைலில் அவர் எழுதியது, தேதி தெரியவில்லை, குழப்பம் இருக்கிறது என்று. நான் எடுத்துச் சொன்னதும் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார். நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்?

என் மனைவி நாலு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். அந்த நாலு மாதத்தில் அவளுக்கு வரவேண்டிய ஒரு பொறுப்பு வேறொருவருக்குப் போனது. இதை எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் பார்க்க முடியாது. இந்த ஊரில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள், பாதி வீட்டில் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கும், பெரும்பாலும் ஒரு மருமகள் பெயரிலோ மகள் பெயரிலோ. சொந்த ஊராக இருந்தால் சித்தி வருவாள், பக்கத்து வீட்டு மாமி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். இங்கே யார் வருவார்கள்?

மொழியும் வைத்தியம்தான்

வெளியூரில் வாழ்கிற நமக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் சைனாடவுன் பகுதியில் 1971-ல் 'ஆன் லோக்' என்று ஓர் அமைப்பு தொடங்கியது. கான்டனீஸ் மொழியில் அமைதியும் சந்தோஷமுமான இருப்பிடம் என்று அர்த்தம். அங்கே இருந்த சீன, இத்தாலிய, பிலிப்பினோ முதியவர்கள் முதியோர் இல்லத்துக்குப் போக விரும்பவில்லை. மொழியும் தெரியாது, அந்தச் சாப்பாடும் இறங்காது. அதனால் 1973-ல் ஒரு பகல் மையத்தை ஆரம்பித்தார்கள். டாக்டர், நர்ஸ், பயிற்சி, சூடான சாப்பாடு எல்லாம் அங்கே. ராத்திரி அவரவர் வீட்டில். இது வெற்றிகரமாக நடந்ததால் 'பேஸ்' என்ற பெயரில் மற்ற ஊர்களுக்கும் போய், 1997-ல் அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டத்திலேயே நிரந்தர இடம் பிடித்தது.

புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் பெரியவர்களுக்காக ஒரு பேட்டையில் ஆரம்பித்தது, நாட்டின் சட்டத்தில் போய் உட்கார்ந்தது! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு செகந்திராபாத் ஞாபகம் வரும். கன்டோன்மென்ட் வந்த காலத்திலிருந்தே இங்கே தமிழர்கள் இருக்கிறார்கள். கோயில் கட்டினோம், பள்ளிக்கூடம் நடத்தினோம், சபா வைத்தோம். நம் பெரியவர்களின் உடம்புக்கு என்று என்ன கட்டினோம்?

எண்பது வயதில் ஒரு மனுஷி வலிக்கிற இடத்தைப் புதிய மொழியில் சொல்லக் கற்றுக்கொள்ள மாட்டாள். 'குடைகிறது', 'சுரீர் என்கிறது', 'மதமதப்பாக இருக்கிறது' என்று அவளிடம் இருக்கிற சொற்கள் எல்லாம் வேறு வேறு நோயைக் காட்டுகிறவை. மொழிபெயர்த்தால் எல்லாம் 'தர்த்' ஆகிவிடும்.

இன்சூரன்ஸ் கணக்கு

இத்தனை நல்லதாக இருந்தால் ஏன் யாரும் தொடங்கவில்லை என்று கேட்கலாம். ஒரு முக்கியக் காரணம் பணம் வருகிற வழி. நம் நாட்டு ஹெல்த் இன்சூரன்ஸில் ஆஸ்பத்திரி அனுமதி என்றாலே 24 மணி நேரம் தொடர்ந்து உள்ளே இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. டே கேர் சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதன் இலக்கணமே மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற, முன்பெல்லாம் ஒரு நாளுக்கு மேல் தங்க வேண்டியிருந்த சிகிச்சை என்பதுதான். ஓ.பி.யில் செய்வது சேராது. காலை பத்து மணிக்கு வந்து நடைப்பயிற்சி செய்து மூன்றரைக்குத் திரும்புகிற கிழவருக்கு இந்த இலக்கணத்தில் இடம் இல்லை.

2024 அக்டோபர் 29-ஆம் தேதி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயது தாண்டிய எல்லோருக்கும், வருமான வரம்பு இல்லாமல், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை என்று விரித்தார்கள். பெரிய விஷயம், இன்னும் அட்டை எடுக்காதவர்கள் உடனே எடுத்துவிடுங்கள். ஆனால் அதுவும் அட்மிட் ஆனால்தான். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரை ஆகும் செலவு அதில் அடங்கும். இடுப்பெலும்பு முறிந்தவர் தேற மாதங்கள் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆக, விழுந்து உடைந்தால் லட்சக்கணக்கில் கொடுப்பார்கள், மறுபடி விழாமல் இருக்கப் பயிற்சி கொடுத்தால் பைசா கிடையாது. மறுபடி விழுந்தால் மறுபடி கொடுப்பார்கள்! தனியார் ஆஸ்பத்திரிகளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பணம் கட்டிலுக்கு வருகிறது, அவர்கள் கட்டில் போடுகிறார்கள்.

அரசுத் திட்டங்களில் பேப்பரில் நிறைய இருக்கிறது. 2010-11-ல் வந்த தேசிய முதியோர் நலத் திட்டத்தில் மாவட்ட ஆஸ்பத்திரியில் பத்துப் படுக்கை வார்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு முதியோர் கிளினிக் என்றெல்லாம் உண்டு. ஹைதராபாத்தில் 2018-லிருந்து வந்த பஸ்தி தவாகானாக்கள் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மருந்து கொடுக்கின்றன, ரத்தப் பரிசோதனையும் இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. எல்லாம் நல்ல துண்டுகள். அந்தத் துண்டுகளை ஒரு கூரையின் கீழ் வைத்துத் தைப்பதுதான் பகல் ஆஸ்பத்திரியின் வேலை.

எதிர்த்தரப்பு

இது சர்வரோக நிவாரணி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015-ல் வந்த காக்ரேன் மறு ஆய்வில் 16 பரிசோதனைகளை, மொத்தம் 3,689 பேரை, சேர்த்துப் பார்த்தார்கள். ஒருங்கிணைந்த கவனிப்பு எதுவுமே கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் பகல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மேலாக இருந்தார்கள். ஆனால் வார்டிலோ வீட்டிலோ அதே மாதிரி ஒரு குழு ஒழுங்காகக் கவனித்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆதாரமும் அவ்வளவு பலமானது இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

இதை வைத்து 'பார்த்தாயா, பிரயோஜனம் இல்லை' என்று வாதிடலாம். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். கட்டடம் முக்கியமில்லை, குழு முக்கியம். ஒருங்கிணைந்த கவனிப்பு ஏற்கெனவே இருக்கிற இங்கிலாந்தில் பகல் ஆஸ்பத்திரி கூடுதலாக ஒரு வழி. எதுவுமே இல்லாத அல்வாலில் நாம் முதல் ஒப்பீட்டில் இருக்கிறோம். நமக்கு முன்னால் இருக்கிற கேள்வி, ஒன்றுமில்லாததற்குப் பதிலாக ஏதாவது ஒன்று வேண்டுமா என்பது. அந்தக் குழுவையே வீடு வீடாக அனுப்பலாமே என்றால், அனுப்பலாம். ஆனால் போவேன்பள்ளியிலிருந்து பொல்லாரம் வரை டிராஃபிக்கில் ஒரு டாக்டர் ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்குவார்? நாலு பேர் அவரிடம் வருவது லாபம்.

நிஜமான சிக்கல் போக்குவரத்து. இங்கிலாந்திலும் ஆரம்பத்திலிருந்தே இதுதான் தலைவலி. கூட்டிவருகிற வண்டி தாமதமானால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும், வந்து சேரும்போது களைத்துப்போயிருப்பார்கள். வண்டி இல்லாத பகல் ஆஸ்பத்திரி வெறும் ஓ.பி.தான். மகன் லீவு போட்டுக் கூட்டிவர வேண்டும் என்றால் திட்டத்தின் நோக்கமே அடிபட்டுவிடும்.

அல்வாலில் என்ன செய்யலாம்

என் ஆசை ரொம்பப் பெரிது இல்லை. இருபது நாற்காலி. ஆயிரம் படுக்கை வருகிற இடத்தில் இருபது நாற்காலி கேட்பது பேராசை ஆகாது என்று நினைக்கிறேன்.

டிம்ஸ் வளாகத்திலேயே தரைத்தளத்தில் ஒரு பகுதி ஒதுக்கினால் உத்தமம். பக்கத்திலேயே எக்ஸ்ரே, லேப், ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் இருக்கும். அது முடியாவிட்டால் எங்கள் பக்கத்தில் ஃபங்ஷன் ஹால்களுக்குப் பஞ்சமே இல்லை. முகூர்த்தம் இல்லாத கிழமைகளில் பூட்டிக் கிடக்கின்றன. தரைத்தளம், பெரிய கூடம், சமையலறை, கார் வந்து நிற்க இடம், எல்லாம் உண்டு. கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட் இரண்டு கட்டினால் போதும்.

வண்டிக்கும் ஒரு வழி இருக்கிறது. ஸ்கூல் பஸ்கள் காலை ஒன்பதரைக்கு ஓய்ந்தால் இரண்டரை மணி வரை சும்மா நிற்கின்றன. பகல் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய நேரமும் ஏறக்குறைய அதுதான். படி உயரம் என்பது உண்மை. பள்ளிகள் வைத்திருக்கும் சின்ன வேன்களில் ஒரு மடக்குப் படியும் பிடிமானமும் போட்டால் சமாளிக்கலாம்.

ஆட்கள்? முதியோர் மருத்துவம் படித்த டாக்டர் முழு நேரம் கிடைப்பது கஷ்டம். வாரம் இரண்டு காலை கிடைத்தால் போதும், மீதி நாளுக்குப் பயிற்சி பெற்ற ஒரு பொது மருத்துவர். பிசியோதெரபிஸ்டுகளுக்கு இந்த ஊரில் குறைவில்லை. அல்வால் பக்கம் ஓய்வு பெற்ற ராணுவக் குடும்பங்கள் அதிகம், அவர்களில் ராணுவ ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த நர்ஸ்களும் டாக்டர்களும் உண்டு. கேட்டால் வருவார்கள் என்பது என் அனுபவம். தமிழ், கன்னடம், மலையாளம், ஒடியா பேசுகிற தன்னார்வலர்கள் ஆளுக்கு வாரம் அரை நாள் வந்தால் 'ஆவணி பத்து' பிரச்சினை தீர்ந்துவிடும். பெங்களூரில் 1998-ல் தொடங்கிய நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் முதியோருக்கான பகல் மையங்களை நடத்திக் காட்டியிருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா என்ன?

நாட்டில் 2021-ல் அறுபது தாண்டியவர்கள் ஏறக்குறைய 13.8 கோடி என்று மத்திய அரசின் புள்ளியியல் அறிக்கை கணித்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர். அவர்களில் நிறையப் பேர் பிள்ளைகளோடு அல்வாலுக்கோ, ஒயிட்ஃபீல்டுக்கோ, புனேவுக்கோ வந்துகொண்டே இருப்பார்கள். அல்லது ஊரில் தனியாக இருந்துகொண்டு நியூஜெர்சிக்கும் துபாய்க்கும் வாட்ஸ்அப்பில் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதுவரைக்கும்

இருபது நாற்காலி வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சில விஷயங்கள். பகல் ஆஸ்பத்திரி செய்கிற வேலையில் கொஞ்சத்தை வீட்டிலேயே செய்யலாம்.

எல்லா டாக்டர்களும் எழுதிய எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே தாளில் எழுதி ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். 'இதில் எதை நிறுத்தலாம்?' என்று கேளுங்கள். நம் ஆட்கள் எதைச் சேர்க்கலாம் என்றுதான் கேட்பார்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

படுத்தபடி ஒரு முறையும் எழுந்து நின்று ஓரிரு நிமிஷத்தில் ஒரு முறையும் பி.பி. எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

பிசியோதெரபிஸ்டிடம் எத்தனை நாள் வருவீர்கள் என்று கேட்பதைவிட, எந்தத் தேதிக்குள் தானாக பாத்ரூம் போவார் என்று கேளுங்கள். அவர் வராத நேரத்தில் என்ன பயிற்சி என்று எழுதி வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கண் கண்ணாடி, காது மிஷின், பல் செட் மூன்றும் பையில் இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், பெரியவர் குழம்பிப் போயிருக்கிறார் என்று சொல்லப்படுகிற கேஸ்களில் சில, காது மிஷின் மேஜை டிராயரில் தங்கிவிட்ட கேஸ்கள்.

ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு 14567 என்ற எல்டர்லைன் எண்ணை எழுதி ஒட்டிவையுங்கள். இந்தச் சேவை முதலில் முளைத்தது ஹைதராபாத்தில்தான், 2021-ல் நாடு முழுக்க வந்தது.

இதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை என்று எனக்கும் தெரியும். அடுத்த முறை எம்.எல்.ஏ.வோ கார்ப்பரேட்டரோ ஓட்டுக் கேட்டு அபார்ட்மென்ட் வாசலுக்கு வரும்போது, எத்தனை பெட் என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அதற்கு அடுத்த கேள்வியாக, டிஸ்சார்ஜ் ஆன பெரியவர்களுக்குப் பகலில் எத்தனை நாற்காலி, அவர்களைக் கூட்டிப்போக எத்தனை வண்டி என்று நாம் கேட்டுவைப்போம். முதல் தடவை அவருக்குப் புரியாது. நாலு அபார்ட்மென்ட்டில் நாலு பேர் இதையே கேட்டால் ஐந்தாவது இடத்தில் பதிலோடு வருவார்.